மெயின் ஆஃப், ஐந்து நிமிடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், காதில் ஹெட்ஃபோனும் கையில் பட்டனுமாக, அழுத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காதம்மா அடுத்த ஒலியைக் கொடுக்க விரலைத் தயாராக வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மேஜைமேல் இருந்த கைப்பேசி துடிதுடித்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பத்தொன்பது வருஷமாகக் காது பரிசோதனை செய்கிறவள் அவள். காதம்மா என்பது வருகிறவர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பரிசோதனை நடக்கும்போது கைப்பேசியைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தவள், அன்றைக்கு அதை மீறினாள். ஒரு மாதமாக வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு செய்திக்காகக் காத்துக் கிடந்தார்கள், அதனால்தான். "ஊசிக்காரர் எழுதிட்டாரும்மா. நல்லாவே எழுதிருக்காரு. அப்பா கடைக்குள்ளயே நடந்துக்கிட்டிருக்காரு," என்று மகள் அனுப்பியிருந்தாள். காதம்மா நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணாடி வழியாக அவள் தோள் ஏறி இறங்கியதைப் பார்த்த தபால்காரர், ஏதோ ஒலி வந்துவிட்டது போலிருக்கிறது என்று பட்டனை அழுத்தினார்.

காதம்மாவின் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தெருவில் அவரைக் காயில்காரர் என்றுதான் கேட்க வேண்டும். கீழே கடை, மேலே வீடு. எரிந்துபோன பம்பு மோட்டாரோ மாவு மில் மோட்டாரோ வந்தால், கருகின கம்பியை உருவி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டடுப்பில் வைத்து எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு நிமிஷத்தில் யார் வந்து பேசினாலும் பதில் வராது. மீட்டர் சொல்லாததை எல்லாம் தன் காது சொல்லும் என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் படிப்புக்காக வாங்கிப் போட்ட மைக்கும் பழைய கணினியும் கடையில் சும்மா கிடக்க, ஒருநாள் விளையாட்டாக ஒரு பம்பின் சத்தத்தைப் பிடித்து நாற்பது மடங்கு நீட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கூட்டமே சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது என்று படியேறி ஓடிவந்து சொன்னார். அன்றைக்குப் பிடித்த பித்து அது. லிஃப்ட், குளிர்பெட்டி, கிரைண்டர், தையல் மெஷின் மோட்டார் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் எட்டுத் துண்டுகள், முப்பத்தெட்டு நிமிடங்கள், "செம்புக் கம்பி" என்று பெயர் வைத்து ஒரு ஆல்பம். மகள்தான் அதை இணையத்தில் ஏற்றினாள்.

ஏற்றின முதல் மாதம் கேட்டவர்கள் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் நாற்பது பேர், நாற்பது தடவை கேட்ட காயில்காரரேதான். கேட்டவர்களில் சிலர் மனம்விட்டு எழுதியிருந்தார்கள். "இதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறேன்" என்று ஒருவர். "ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன், அது அட்டைப்படத்துக்கு" என்று இன்னொருவர். ஒரு நர்ஸ், இரவுப் பணி முடிந்து வந்து இதைப் போட்டுக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாள். அது பாராட்டா திட்டா என்று மூன்று நாள் வீட்டில் விவாதம் நடந்தது. காதம்மாவின் தம்பி மட்டும், குடும்பத்துக்கு ஒரு ஆள் இப்படி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது போலும், சொந்தப் பெயரிலேயே எழுதினான்: "மாமா, மூணாவது பாட்டு அருமை. எங்க வீட்டு மிக்ஸியும் பாடும், சான்ஸ் குடுங்க." காயில்காரர் அதற்கும் சேர்த்து நன்றி சொல்லிப் பதில் போட்டார்.

ஆனால் அவர் காத்திருந்தது ஊசிக்காரருக்காக. நாற்பது வருஷமாக இசை விமர்சனம் எழுதிவருகிற மனிதர். அவருடைய பத்திக்குப் பக்கத்தில் இசைத்தட்டு ஊசியின் படம் ஒன்று இருக்கும். அதனால் வந்த பெயர் என்பது அவர் கட்சி, குத்துகிறதால் வந்தது என்பது பாடுகிறவர்கள் கட்சி. எழுபதைத் தாண்டியும் புதிதாக யார் என்ன சத்தம் போட்டாலும் காது கொடுத்துக் கேட்கிறவர், கேட்டுவிட்டுப் பெரும்பாலும் கிழித்துத் தொங்கவிடுகிறவர். அப்படிப்பட்டவர் "செம்புக் கம்பி"க்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார். முதல் மூன்று துண்டுகள் பொறுமையைச் சோதிக்கின்றன, ஐந்தாவது தேவையில்லாதது, எட்டாவதில் ஒரு லிஃப்ட் அழுகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஆறாவதுக்கு வந்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அந்தத் துண்டின் பெயர் "மெயின் ஆஃப்". அதைப் பற்றி அவர் எழுதியதைக் காயில்காரர் அன்று சாயங்காலம் டீயைக்கூடத் தொடாமல் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். "இருபத்தைந்து நிமிடங்கள் இயந்திரங்களின் பேரிரைச்சலில் நம்மை ஊறவைத்த பிறகு, இந்தக் கலைஞர் மெயின் ஸ்விட்சை அணைக்கிறார். ஐந்து நிமிடங்கள். ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுத்தமான மௌனத்தை நான் ஒலிப்பதிவில் கேட்டதே இல்லை." வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்.

அந்த ஐந்து நிமிடம் யாருக்கு என்று காதம்மாவுக்குத் தெரியும். அவர் அதைச் செய்து முடித்த அன்றைக்கே, ஏதோ கடன் கேட்கிறவர் மாதிரி கூச்சத்தோடு சொல்லியிருந்தார். பகல் முழுக்கச் சத்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு மெயினை அணைத்ததும் கடை அப்படியே அமுங்கிப்போகும். அந்த அமைதியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஐந்து நிமிஷம் நிற்பார், பிறகுதான் படியேறி மேலே வருவார். "மத்த ஏழும் ஊருக்கு. இது மட்டும் உனக்கு. உன்கிட்ட வர்றதுக்கு முந்தி இருக்கிற நேரம் அது," என்றார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான காதல் வசனம் அதுதான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷமும் ஒன்றுமில்லாததை ஒழுங்காகக் கேட்டாள். கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஊசிக்காரர் எழுதியதோடு விடவில்லை. மாதாமாதம் முதல் ஞாயிறு மத்தியானம் நூலகத்து மாடி அறையில் ஐம்பது அறுபது பேரைக் கூட்டி வைத்து ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்பது அவர் நடத்திவருகிற வழக்கம். வருகிற ஞாயிறு "செம்புக் கம்பி", பெரிய ஸ்பீக்கர் வைத்து, குறிப்பாக ஆறாவது துண்டை ஐந்து நிமிடமும் வெட்டாமல் கேட்கப் போகிறோம், நீங்கள் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று காயில்காரருக்குப் போன் செய்தார். காயில்காரர் போனுக்கே எழுந்து நின்று பேசினார். மறுநாள் கடையில் இரண்டு மோட்டாருக்கு நடுவே கண்ணாடியை வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டால் நன்றாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்ததை மகள் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

விமர்சனம் வந்த பிறகுதான் விவகாரம் தொடங்கியது. முந்நூறு பேர் நான்காயிரம் ஆனார்கள். கருத்துகள் வந்து குவிந்தன. வியாழக்கிழமை காலை பார்த்தால், ஆறாவது துண்டுக்குக் கீழே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. "மௌனமா? இந்த விசில் சத்தத்தையா மௌனம்னு சொல்றீங்க?" என்று ஒரு மாணவி ஆரம்பித்திருந்தாள். "பல் கூசுது" என்று ஒருவன். "எங்க நாய் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு" என்று இன்னொருவன். அவர்களுக்குப் பதில் சொன்னவர்களோ, மௌனத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரியாத தலைமுறை இது, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மனதை அடக்கிக் கேளுங்கள், உள்ளேயிருந்து வருகிற சத்தம் அது என்றார்கள். ஒரு பேராசிரியர் இதற்கு நான்கு பத்தி எழுதியிருந்தார். காயில்காரருக்கு வாயெல்லாம் பல். தன் ஐந்து நிமிஷத்துக்காக ஊரே அடித்துக்கொள்கிறதே என்று குளிர்ந்துபோய், "பாரேன், ஒண்ணுமில்லாத இடத்துலகூட சின்னப் பசங்களுக்கு என்னமோ கேக்குது. எல்லாம் மனப்பிராந்தி," என்றார்.

காதம்மா சிரிக்கவில்லை. சின்னவர்களுக்குக் கேட்கிறது, பெரியவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால், பத்தொன்பது வருஷ வேலை அவளுக்குள் தானாக எழுந்து உட்கார்ந்துவிடும். வயசு ஏற ஏறக் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, நீ அதைக் கேட்டாயா என்று கேட்டாள். மகள் விரல் நகத்தைப் பார்த்தாள். ஏற்றுவதற்கு முன்னால் எல்லாத் துண்டையும் கேட்டுச் சரிபார்த்ததாக அப்பாவிடம் சொல்லியிருந்தாளே தவிர, ஆறாவதைத் தொடவே இல்லையாம். "ஒண்ணுமே இல்லாததை எதுக்கும்மா உக்காந்து கேக்கணும்?" என்றாள். அதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டவள், மூன்றாவது நொடியில் பிடுங்கி எறிந்தாள். "அய்யோ. கொசுவுக்குப் பல்வலி வந்த மாதிரி இருக்கு." காதம்மா வாங்கிப் போட்டுக் கேட்டாள். அவளுக்கு அதே அமைதிதான், நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆள் வருவதற்கு முன்னால், மருத்துவரின் கணினியில் ஒலியைக் கோடுகளாகக் காட்டுகிற திரையில் அந்தத் துண்டை ஓடவிட்டாள். அரை நிமிஷம் போதுமாக இருந்தது. கீழே எல்லாம் வெறும் கறுப்பு. மேலே, மிக உயர்ந்த சுருதிகள் வருகிற பதினாலாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி பளிச்சென்று ஒரு கோடு. அது எங்கிருந்து வந்தது என்பதையும் அவள் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். மெயினை அணைத்தால் கடையில் எல்லாம் நிற்கும், ஒன்றைத் தவிர. கணினி அணைந்துவிடாமல் இருக்க மேஜைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் பெட்டி வைத்திருக்கிறார். மின்சாரம் போனதும் அது பாட்டரியில் ஓட ஆரம்பிக்கும். ஓடும்போது பீப் பீப் என்று கத்தும் என்பதால், கத்துகிற பாகத்தை அவரே என்றைக்கோ கழற்றித் தூர வைத்துவிட்டார். பெட்டி வேறு ஒரு குரலில் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வேறு எந்த வீட்டிலும் இதைப் போகிற போக்கில் விட்டிருப்பார்கள். மெயினை அணைத்து மௌனத்தைப் பதிவுசெய்ய நினைக்கிற புத்தி அவருக்குத்தான் வரும். அதைப் பதிவுசெய்ய அணையாத ஒரு பெட்டி வேண்டும் என்பது அவருக்கு உறைக்காமல் போனதும், அந்த உயரத்துச் சத்தம் எட்டாத காதால்தான்.

அவருடைய காதைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க வந்தவரை, சும்மா உட்காருங்கள் பார்ப்போம் என்று பரிசோதனை அறைக்குள் உட்கார வைத்தாள். வழக்கமான பரிசோதனை எட்டாயிரம் வரைதான். அதில் அவர் நன்றாகத் தேறினார். ஆசை யாரை விட்டது, அதற்கு மேலேயும் போய்ப் பார்த்தாள். பத்தாயிரம் வரை தட்டுத்தடுமாறி வந்தவர், அதற்கப்புறம் ஒன்றுக்கும் அழுத்தவில்லை. எட்டாயிரம் வரை உள்ள தாள் ஒன்று, அதற்கு மேலே உள்ள தாள் ஒன்று. எப்படி இருக்கிறது என்று அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டபோது, முதல் தாளைக் கொடுத்து, வயசுக்கு நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டாவது தாளை மேஜை இழுப்பறையில் போட்டாள். பொய் சொல்லவில்லை, வயசுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர் அந்த முதல் தாளைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிட்டார். "வீட்டுக்காரி குடுத்த சர்டிஃபிகேட்," என்று எல்லோரிடமும் காட்டுவார். அதன் பிறகு எப்படிச் சொல்வது. இன்றைக்கு, நாளைக்கு என்று மென்று முழுங்கினாள். போன மாதம் அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்பு ஒன்று பத்தே நாளில் திரும்பி வந்தது. பேரிங் கீச்சிடுகிறது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். காயில்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று பேரிங் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அறுபது பேருக்கு நடுவில், பெரிய ஸ்பீக்கரில், அந்தக் கோடு ஒலிக்கப் போகிறது. சின்னவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர் முன்னால் நின்று மௌனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்த தம்பியிடம் சொன்னபோது, அவன் இதற்குப் போயா என்று ஒரே நொடியில் தீர்த்து வைத்தான். மகள் அந்த விசிலை வடிகட்டி எடுத்துவிட்டு நிஜமான மௌனத்தை ஏற்றிவிட வேண்டியதுதான், மாமாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை. மகளும் இரண்டு நிமிஷ வேலை என்றாள். கேட்கக் கேட்க அதுதான் சரி என்று காதம்மாவுக்கே தோன்றியது. "அக்கா, அவருக்குக் கேக்காததை எடுத்துட்டு அவருக்குக் கேக்கறதையே வைக்கப் போறோம். இதுல என்ன பாவம்?" என்றான் தம்பி. அவள் தலையாட்டி வைத்தாள். ஆனால் அவன் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஒரு தாளை மறைத்ததால் வந்த வினையை இன்னொன்றை மறைத்து மூடப் பார்க்கிறோம் என்பது மட்டும் புரிந்தது. இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் அவரைச் சுற்றி அவருக்குத் தெரியாமல் எத்தனை பேர் எத்தனை சத்தத்தை அள்ளி ஒளித்துவைத்துக்கொண்டிருப்போம் என்று நினைத்தாள். குழாயை மூடினாள்.

சனிக்கிழமை மத்தியானம் மருத்துவர் கிளம்பிய பிறகு அவரை வரச் சொன்னாள். நாளைக்குப் பேசப் போகிறவருக்கு ஒரு புதுச் சர்டிஃபிகேட் தரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தலை வாரி வந்திருந்தார். பரிசோதனை அறைக்குள் போய் வசதியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டி, பட்டனைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தார். காதம்மா பதினாலாயிரத்தில் வைத்துக் கொடுத்தாள். நோயாளிகளுக்குக் கொடுக்கிற அளவைவிட அதிகமாகவே கொடுத்தாள். விரலை எடுக்கவில்லை. அவர் சிரித்தபடியே இருந்தார். மேலே விளக்கைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தார், கால்மேல் கால் போட்டார். ஒரு நிமிஷம் ஆனதும் மைக்கில் அவர் குரல் வந்தது.

"என்னம்மா, எப்ப ஆரம்பிக்கப் போற?"

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். அந்தக் கனமான கதவு திறக்க எப்போதும் கொஞ்சம் பலம் வேண்டும். அன்றைக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. "ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆச்சுங்க," என்றாள். பிறகு இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்து, விசில், யூபிஎஸ் பெட்டி, நாய், கட்டில் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிமுடித்தாள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க மீட்டர் பார்த்தவர்.

"தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தி போட்டிருக்கு," என்றார்.

"ஆமா."

"அந்த அடுக்குமாடிப் பம்பு."

"ஆமாங்க."

அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டனை மெதுவாக அதன் கொக்கியில் மாட்டினார். "உனக்கு?" என்றார். வருஷாவருஷம் தனக்கும் பார்த்துக்கொள்கிறவள்தானே அவள். "எனக்குப் பன்னெண்டாயிரத்தோட சரி. எனக்கும் அது கேக்கல," என்றாள். அவர் தலையை ஆட்டினார். "உனக்குன்னு ஒண்ணே ஒண்ணு பண்ணினேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல. ஊர்ல இருக்கிற சின்னப் பசங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு." இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் சிரிப்பு மாதிரியும் இருந்தது, கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. வீடுவரை இருவரும் நடந்தேதான் வந்தார்கள். அவர் நான்கடி முன்னால் போனார். சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் நின்று, அவள் வந்து சேர்ந்ததும் கடந்தார். அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசியது, உப்பு வேண்டும், போதும் என்ற இரண்டு விஷயத்துக்குத்தான். கடையில் மாட்டியிருந்த அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் முதல் தாளுக்குப் பக்கத்தில் இரண்டாவது தாளையும் செருகியிருந்ததை மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அது கோபமா நேர்மையா என்று கேட்டாள்.

ஞாயிறு மத்தியானம் நூலகத்து மாடி நிறைந்துவிட்டது. முன் வரிசையில் ஊசிக்காரர், எலும்பும் தோலுமாக, ஆனால் குழந்தை மாதிரி ஆர்வமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் இசைக் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். சிலர் கையில் பஞ்சு கொண்டுவந்திருந்தது காதம்மாவின் கண்ணில் பட்டது. மகள் கணினிக்குப் பக்கத்தில் இருந்தாள். வடிகட்டிய துண்டையும் தயாராக வைத்திருந்தாள், அப்பாவிடம் எதைப் போடுவது என்று மெல்லக் கேட்டாள். "ஊருக்கு எதைக் குடுத்தோமோ அதையே போடு," என்றார் அவர். கழுத்துப் பொத்தானைப் போட்டிருக்கவில்லை. காதம்மா கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்துகொண்டாள். ஏதாவது ஆகிவிட்டால் அவரைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேற அந்த இடம்தான் வசதி.

ஐந்து துண்டுகள் போயின. ஐந்தாவது தேவையில்லாதது என்று ஊசிக்காரர் சொன்னது உண்மைதான் என்று இன்றைக்கு அவளுக்கும் தோன்றியது. ஆறாவது வந்தபோது ஊசிக்காரர் கண்ணை மூடிக்கொள்ளத் தயாரானார். காயில்காரர் எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மைக்கை வாங்காமலே பேசினார். மெயினை அணைத்துவிட்டு இதை எடுத்ததாகவும், ஒன்றுமே இல்லை என்று நினைத்தே கொடுத்ததாகவும் சொன்னார். "இதுல ஒரு சத்தம் இருக்காம். எனக்குக் கேக்காது. நேத்துதான் தெரியும். கேக்கறவங்க கை தூக்குங்க, எங்க இருக்குன்னு நான் பாத்துக்கறேன்." அறையில் யாரோ சிரித்து, நிறுத்தினார்கள். ஊசிக்காரர் மூடிய கண்ணைத் திறந்தார். மகள் பொத்தானைத் தட்டினாள்.

காதம்மாவுக்கு அறை அப்படியே அமுங்கியது. அந்த அமைதிக்குள் முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு இடப்பக்கம் முழுக்க எழுந்தது, பஞ்சு வைத்திருந்தவர்களும் அதை மடியில் போட்டுவிட்டுத் தூக்கினார்கள். நடு வரிசையில் ஒரு முப்பது வயதுக்காரர் பாதி தூக்கி, யோசித்து, முழுசாகத் தூக்கினார். முன் வரிசையில் ஒரு கைகூட இல்லை. ஊசிக்காரர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, உடம்பையே திருப்பிப் பின்னால் எழுந்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுதப்போவதற்குக் குறிப்பு எடுக்கிற பார்வை இல்லை அது. தன்னை விட்டுவிட்டு எல்லோரும் எங்கேயோ கிளம்பிப் போவதைப் பார்க்கிற பார்வை. அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. காயில்காரர் வந்து அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அவரும் திரும்பி, நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, கைகளைப் பார்த்தார்.

இரண்டாவது நிமிஷத்தில்தான் மகள் அதைச் செய்தாள். தூக்கிய கையை அப்படியே வைத்திராமல் லேசாக ஆட்டினாள். சத்தம் நடுங்குகிறது என்று அப்பாவுக்குக் காட்டுகிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. மாணவி ஒருத்தி பார்த்துவிட்டு அவளும் ஆட்டினாள். நாற்பது கைகள் ஒன்றுபோல நடுங்கின. பிறகு மகளின் கை கொஞ்சம் தாழ்ந்தது. பாட்டரி தீரத் தீரப் பெட்டியின் சுருதி இறங்கியிருக்க வேண்டும். மற்ற கைகளும் இறங்கின. ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை, தலைக்கு மேலே இருந்தவை நெற்றி மட்டத்துக்கு வந்தன. காயில்காரரின் ஆள்காட்டி விரல் நாற்காலி முதுகின்மேல் அவற்றோடு சேர்ந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அவர் முகம் காதம்மாவுக்குத் தெரிந்த முகம்தான், மோட்டாரில் காதை ஒட்டவைத்துக்கொள்ளும்போது இருக்கிற முகம், ஆனால் கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் கைகளைத் தாண்டி, வரிசை வரிசையாகத் தாண்டி, கதவோரம் வந்து நின்றது. உனக்கு, என்று புருவத்தால் கேட்டார். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். எனக்கும் இல்லை, என்று அவரும் அசைத்தார்.

தன் காதின் எல்லையான பன்னிரண்டாயிரத்துக்குக் கீழே அது வராது. வந்திருந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கே அவள் கேட்டிருப்பாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன, நெற்றியிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து வாய்க்கு, அறுபது பேர் இருந்த அறையில் ஒரு செருமல்கூட இல்லாமல். அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். முன் வரிசையில் அவரும் நகர்ந்திருந்தார். கைகள் மோவாய் மட்டத்துக்கு வந்திருந்தன.